ரோஸ் நிறச் சாப்பாடும் நபீஸாவின் வலது கண்ணும்

ஹைதராபாத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்பார்கள். நான்கு கோபுரம் பார்த்தேன், பெரிய பள்ளிவாசல் பார்த்தேன் என்றால் அவர்களுக்குத் திருப்தி. உண்மையில் அந்த ஆறு வாரமும் நான் அதிகம் பார்த்தது ஒரு கண்ணாடி ஜன்னலையும், அதற்கு அந்தப் பக்கம் போத்தலில் இருந்த ரோஸ் நிறத் தண்ணீரையும்தான். அந்த ஜன்னலுக்கு முன்னால் கிடந்த வாங்குப் பலகையை நினைத்தால் இப்போதும் மனம் அங்கே போய்க் குந்திக்கொள்கிறது.

நான் கல்முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஊர் மலருக்கு ஒரு பயணக் கதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் ஹஜ்ஜுப் பயணம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இன்னும் எழுதப்படவில்லை. அல்லாஹ் எனக்குத் தந்த பயணம் இதுதான், அதை எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் வந்து ஒரு மாதமும் ஆகாத நேரம். கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் பின்னறை ஒன்று மட்டும் நின்றது. ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, அந்த ஒரு அறையையாவது வெள்ளையடிப்போம் என்று சுண்ணாம்பு வாங்கி வந்தேன். நீறாத சுண்ணாம்பு. பீப்பாவுக்குள் போட்டு, அவசரத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினேன். என் பெண்சாதி நபீஸா குனிந்து கிளறிக்கொண்டிருந்தாள். கொதித்து வெடித்து எழும்பியது அவளுடைய முகத்தில் போய் விழுந்தது. அன்றைக்கு ஊரில் குடிக்கிற தண்ணீரே கிடையாது. கண்ணைக் கழுவ நல்ல தண்ணீர் தேடி நான் ஓடிய ஓட்டம் எனக்கும் என்னைப் படைத்த றப்புக்கும்தான் தெரியும்.

நாலரை வருடம் அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். கொழும்பில் காட்டாத இடமில்லை. போகிற வழியெல்லாம் சோதனைச் சாவடி, இறங்கு, நட, ஏறு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு அடையாள அட்டையையும் பல்லில் கவ்விக்கொண்டு நடந்திருக்கிறேன். யுத்தம் முடிந்த வருடம் கொழும்பு டாக்டர் ஒருவர்தான், ஹைதராபாத்தில் கண்ணின் மேல்தோலை வெளியே வளர்த்துத் திரும்ப வைக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார். நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் புறப்பட்டோம்.

சென்னையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தேத்தண்ணிக் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்கள் சிலோனா என்றார். ஓம் என்றேன். சண்டையில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். கடலில்தான் போனார்கள், என் உம்மாவும் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் என்றேன். அவர் சண்டையைக் கேட்டார், நான் கடலைச் சொன்னேன். நபீஸாவின் கோப்பையில் மட்டும் அவர் இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

ஹைதராபாத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் ஸலாம் சொல்லி உருதுவில் பேசத் தொடங்கினார். தெரியாது என்று தலையை ஆட்டினேன். முஸ்லிமுக்கு உருது தெரியாதா என்று அவர் கேட்டதாக, பக்கத்தில் நின்ற ஒருவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். தொப்பி போட்ட ஆள் ஒருவன் உருது தெரியாமல் நிற்பதை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். ஆஸ்பத்திரியின் பெயரை நான் சொன்ன மாதிரியும் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் நபீஸாவின் கண்ணையும் என் கண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம். சந்து பொந்தெல்லாம் சுற்றி, வளையல் கடைகளைத் தாண்டி, ஒரு சின்னக் கடை வாசலில் இறக்கினார். உள்ளே பித்தளைச் சிமிழ்கள் வரிசையாக இருந்தன. சுறுமாக் கடை. கண்ணுக்கு மை வாங்க இலங்கையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

விசயத்தைச் சொன்னபோது நபீஸா சிரித்தாள். பயணத்தில் அவள் முதல் முதலாகச் சிரித்தது அங்கேதான்.

"வந்தது வந்தாச்சு மச்சான், ஒரு சிமிழ் வாங்குங்க. கண் வந்தாப் போடுவம்."

தங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். முதல் நாள் மஃரிப் தொழுகையிலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. இமாம் பாத்திஹா ஓதி முடித்ததும் ஊர் வழக்கப்படி நீட்டி, சத்தமாக ஆமீன் என்றேன். முழுப் பள்ளியிலும் என் ஒருவனுடைய சத்தம்தான். அங்கே மனதுக்குள் சொல்வார்கள். விடியல் தொழுகை ஸுப்ஹில் குனூத் என்ற துஆவும் இல்லை, கையை ஏந்தப் போய் இறக்கிக்கொண்டேன். மாலை அஸர் தொழுகை எங்களை விட ஒரு மணித்தியாலம் பிந்தும். இரண்டு மூன்று நாள் போனதும் ஸப்பு வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் கிழவர், பாத்திஹா முடியும்போது என்னைப் பார்த்துப் புன்னகைக்கத் தொடங்கினார். நானும் ஆமீனை விழுங்கப் பழகிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் பார்த்தார். ஆங்கிலத்தில் பேசினார். அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். சுகந்தி என்று பெயர், வேலூர்ப் பக்கம். முப்பது வயதிருக்கும். என்னைப் பாய் என்றும் நபீஸாவை அக்கா என்றும் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்கள், முதலாளி என்பார்கள், பாய் என்று யாரும் கூப்பிட்டதில்லை. இரண்டு நாளில் அதுவும் என் பெயர் ஆகிவிட்டது.

அவள் சொன்னது இதுதான். இடது கண்ணின் தழும்பு ஆழத்துக்கு இறங்கிவிட்டது. வலது கண்ணின் உட்பக்கம் பரவாயில்லை, மேல்தோல்தான் செத்துவிட்டது. அந்தத் தோலுக்கு விதையைப் போல இருக்கிற உயிரணுக்கள் இடது கண்ணின் மேல் இமைக்கு அடியில் ஒரு துளி இடத்தில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே எள்ளளவு வெட்டி எடுத்து, சாப்பாடு கொடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், இரண்டு கிழமையில் மெல்லிய தோலாகப் பரவும். அதை வலது கண்ணில் வைப்பார்கள்.

வளராவிட்டால் என்றேன்.

"இன்னொரு தடவை வெட்ட அங்க இடம் இல்ல பாய்," என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னது பிறகு யோசிக்க எனக்குப் பிடித்தது.

சாப்பாடு என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது. அது என்ன சாப்பாடு என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ரோஸ் நிறப் போத்தலைக் காட்டினாள். மீடியம் என்பார்களாம். பல தடவை வடித்த தண்ணீர், உப்பு வகைகள், சீனி, புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகள், விற்றமின், இன்சுலின். புளிப்பு ஏறாமல் இருக்க அப்பச்சோடா. அப்பச்சோடா என்றதும் எனக்கு உசார் வந்துவிட்டது. என் கடையிலும் இருக்கிற சாமான் அது. ரோஸ் நிறம் ருசிக்கல்ல, அடையாளத்துக்கு. உயிரணுக்கள் தின்று கழித்தால் தண்ணீர் புளித்து மஞ்சளாகும், அப்போது மாற்ற வேண்டும்.

இவ்வளவு இருந்தும் உயிரணு வளராது, இதற்குள் சீரம் சேர்க்க வேண்டும் என்றாள். இரத்தத்தை உறைய விட்டால் மேலே தெளிந்து நிற்கிற நீர்தான் சீரம். முன்பு கன்றுக்குட்டியின் சீரம் போட்டார்கள். மிருகத்தின் நோய் ஏதும் மனிதனுக்கு வந்துவிடக் கூடாது என்று அதை விட்டுவிட்டு, இப்போது அந்தந்த நோயாளியின் சீரத்தையே எடுக்கிறார்கள். அதிலும் ஒரு தலையிடி. ஆளுக்கு ஆள் இரத்தம் வேறு. ஒருவருடையதில் உயிரணு பாய்ந்து வளரும், இன்னொருவருடையதில் சோம்பிக் கிடக்கும். அதனால் சீரமே இல்லாத ஒரு கலவையை உண்டாக்க மூன்று வருடமாகப் பாடுபடுகிறாள். கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தாள். இதைக் கொஞ்சம் கூட்டி, அதைக் கொஞ்சம் குறைத்து, செத்தது, செத்தது, பாதி செத்தது. அப்போதைக்கு அது ஒரு நாள் தாக்குப் பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தது. நோயாளி யாருக்கும் இன்னும் பாவித்ததில்லை.

"கறி ஆணத்துக்கு உப்புப் பார்க்கிற மாதிரித்தான்," என்றேன்.

"நீங்க நாக்குல வச்சுப் பார்ப்பீங்க. நான் ரெண்டு நாள் காத்திருந்து பார்க்கணும்."

இரத்தம் எடுப்பதும் வெட்டுவதும் ஒரே நாள். அதற்கு முதல் நாள் தாதி, காலையில் லேசாகச் சாப்பிட்டு வாருங்கள் என்று கையைக் காட்டிச் சொன்னார். இதில் அவரில் பிழை இல்லை. பிழை முழுக்க என்னில். இரத்தம் கொடுக்கப் போகிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள்? ஈரல் கொடுப்பார்கள், எலும்பு சூப் கொடுப்பார்கள். ஊற வேண்டிய இரத்தத்தை முதலே ஊற வைப்பது எங்கள் கணக்கு. அதுவும் நான் சோறு விற்கிற ஆள். பெண்சாதி கத்திக்குப் போகிறாள், வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவேனா?

ஸுப்ஹு தொழுதுவிட்டு வருகிற வழியில் ஒரு கடையில் ஆட்டுக்கால் அடுப்பில் இருந்தது. பாயா என்றார்கள். எலும்புக்குள் இருக்கிற மச்சையெல்லாம் கரைந்து, விரலில் ஒட்டுகிற பதம். பக்கத்துச் சட்டியில் நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பு, மேலே நெய் மிதக்கிறது. நம்முடைய ஊரில் நான் எத்தனை வருடம் சூப் காய்ச்சியும் அந்தப் பதம் வந்ததில்லை. இரண்டிலும் வாங்கினேன். ஆடை போட்ட பாலும் வாங்கினேன். நபீஸா போதும் போதும் என்றாள். நான் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன். உண்மையைச் சொன்னால், நாலரை வருடத்தில் அவளுக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது ஊட்டுவது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். பத்தரைக்கு உள்ளே கொண்டுபோய் வெட்டி எடுத்தார்கள், பத்து நிமிட வேலை. நபீஸா கண்ணில் கட்டோடு வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினாள். நோகவில்லை என்றாள். ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுகந்தி ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்தாள். வெளியே வந்தாள். குழாயைக் காட்டினாள். கீழே சிவப்பாக உறைந்திருந்தது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், தேங்காய்த் தலைப்பாலைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"காலைல அக்காவுக்கு என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். பாயா, நிஹாரி, பால்.

"லேசான சாப்பாடு இதுவா பாய்?"

"ரெத்தம் எடுக்கிற ஆளுக்கு எண்டு..."

"கொழுப்பு முழுக்க ரத்தத்துல மிதக்குது. இத ஊத்தினா செல்லு மூச்சு முட்டிச் செத்துடும்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெட்டி எடுத்த எள்ளளவு சதை உள்ளே தட்டில் கிடக்கிறது. அதற்குச் சீரம் இல்லை. வயிற்றில் அந்த நெய் இருக்கும் வரை அன்றைக்குத் திரும்ப இரத்தம் எடுத்தும் பிரயோசனமில்லை. மற்ற ஆராய்ச்சிக்காகக் குளிரூட்டியில் கன்றுக்குட்டிச் சீரம் இருக்கிறது, பழைய முறை, வளர்த்துக் காட்டிய முறை, நீங்கள் சம்மதித்தால் அதைப் போடலாம் என்றாள். அல்லது ஒரு இரவு தன்னுடைய சீரமில்லாக் கலவையில் வைத்திருந்து, நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்கலாம். ஒரு இரவு தாங்கும் என்று நினைக்கிறாள். நிச்சயம் சொல்ல முடியாது. பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தாள். இரண்டுக்கும் அவர் இணக்கம், முடிவு எங்களுடையது.

நான் யோசிக்கவே இல்லை. கன்றுக்குட்டியே இருக்கட்டும் என்றேன். இரத்தம் நஜீஸ், அசுத்தம்தான், ஆனால் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது, மருந்துக்கு என்று ஊர் மௌலவியிடம் புறப்படும் முன்னமே பொதுவாகக் கேட்டு வைத்திருந்தேன். நபீஸா, சுகந்தி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, அந்தக் கன்று அறுத்த கன்றா என்று கேட்டாள். சுகந்தி உள்ளதைச் சொன்னாள். தாய் மாட்டை அறுக்கிற இடத்தில், வயிற்றுக்குள் இருக்கிற பிறக்காத கன்றிலிருந்து எடுப்பது.

"அப்ப எனக்கு வேணா," என்றாள் நபீஸா.

ஹறாம் இல்லை புள்ள, நிர்ப்பந்தம் என்று நான் தொடங்கினேன்.

"ஹறாம் ஹலால நான் கதைக்கல்ல மச்சான். வயித்துக்குள்ள கிடந்த கண்டுக்குட்டி. எனக்கு மனசில்ல."

எனக்குக் கோபம் வந்தது. கோபமல்ல, பயம். ஆஸ்பத்திரி வாங்கு என்பதையும் மறந்து சத்தம் போட்டேன். நாலரை வருடமாக வாயில் வராத கதை அங்கே, ஒரு வேலூர்ப் பெண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

"உன்ட கண்ணக் கெடுத்தவன் நான். இண்டைக்கும் நான்தான் கெடுத்துப் போட்டன். இதையும் போக்காட்டினா நான் அல்லாக்கு என்ன பதில் செல்ற?"

அவள் தடவித் தடவி என் கையைப் பிடித்தாள்.

"பெருநாளைக்கு வெள்ளையடிக்கோணும் எண்டு நிண்டவள் நான். கெதியா ஊத்துங்க எண்டதும் நான். நீங்க தனியாத் தூக்கிட்டுத் திரியிறீங்க."

அன்றைக்கு அவள் கெதியாக ஊற்றச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. இன்றைக்கும் இல்லை. சொன்னாளோ, என்னை ஆற்றுவதற்காக அங்கே உண்டாக்கிச் சொன்னாளோ, நான் பிறகு கேட்கவும் இல்லை.

பிறகு அவள் சுகந்தியிடம், நாளைக்கு நல்ல சீரம் கிடைக்க நான் என்ன செய்ய வேண்டும் மகள் என்றாள். இரவுக்கு எண்ணெய் இல்லாத சாப்பாடு, அதற்குப் பிறகு காலை வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடக்கூடாது என்று சுகந்தி சொன்னாள்.

"சாப்பிடாம இருக்கிறதா? அது எனக்குத் தெரிஞ்ச வேல."

சுகந்தி கடதாசி கொண்டுவந்தாள். அவளுடைய கலவையைப் பாவிக்கச் சம்மதம் என்று. நபீஸாவின் விரலை ஒப்பமிட வேண்டிய இடத்தில் வைத்துக் காட்டினேன். கையெழுத்து கொஞ்சம் மேலே ஏறிப் போய்விட்டது. சுகந்தி கடதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்தாள். மூன்று வருடக் கொப்பி அன்றைக்குத்தான் உண்மையான ஒரு ஆளுக்குப் போகிறது. அது ஆராய்ச்சிச் சாமான் இல்லை, என் பெண்சாதியின் கண். அது சுகந்திக்கும் தெரிந்திருந்தது.

இரவுக்கு இட்டலி மூன்று, சம்பல் எதுவும் இல்லாமல். சோற்றுக் கடைக்காரன் பெண்சாதிக்கு வெறும் இட்டலி ஊட்டுகிற கொடுமை வேறில்லை. அவளோ, பட்டினி இருக்கிறதோடு, பெருநாளுக்குப் பிந்திய ஷவ்வால் நோன்பு ஆறில் ஒன்றையும் பிடித்துவிடுகிறேன் என்று நிய்யத்து வைத்தாள். விடியுமுன் ஸஹருக்குத் தண்ணீர் மட்டும். இரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்பது நாங்கள் ஓதிய சட்டம்.

ஒன்பது மணிக்குக் குழாய் நிறைந்தது. பதினொன்றரைக்கு சுகந்தி ஜன்னலுக்கு வந்து அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். இளந்தேனின் நிறம். அந்தப் பக்கத்தில் இருக்கிற கடிகாரம் தெரிகிற தெளிவு. நான் அதை அப்படியே நபீஸாவுக்குச் சொன்னேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைத் தடவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. காலையில் நபீஸாவுக்குக் கஞ்சி, பிறகு வாங்கு, தொழுகை, திரும்ப வாங்கு. ஒரு நாள் சுகந்தி களைத்துப் போயிருக்கிறாளே என்று தேத்தண்ணிக் கோப்பையோடு ஆய்வுகூடக் கதவைத் தள்ளிவிட்டேன். அவள் போட்ட சத்தத்தில் பாதித் தேத்தண்ணி என் சட்டையில். உள்ளே மூச்சுக்கும் கணக்கு இருக்கிறது, ஒரு பூஞ்சணப் பொட்டுப் போனாலும் எல்லாம் முடிந்தது என்று பிறகு வந்து விளக்கினாள். அதற்குப் பிறகு கோப்பையை வாங்கிலேயே மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். லீவு இல்லையா தங்கச்சி என்றேன்.

"அதுங்களுக்கு ஞாயிறு தெரியாது பாய். பசி மட்டும்தான் தெரியும்."

என்னைப் போல இன்னொரு சாப்பாட்டுக் கடைக்காரியைக் கண்ட சந்தோஷம் எனக்கு. ஆனால் நாலு நாள் போயும் அந்தச் சதைத் துண்டைச் சுற்றி ஒன்றும் வரவில்லை. ரோஸ் தண்ணீர் ரோஸாகவே இருந்தது. ஒருவரும் தின்னவில்லை என்று அர்த்தம். ஐந்தாம் நாளும் அப்படியே. சுகந்தி என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அந்த ஒரு இரவு அவளுடைய கலவையில் இருந்ததால் பழுதாகிவிட்டதோ என்று அவள் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் பாயாவால் என்று நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். நபீஸா மட்டும் பக்கத்து வாங்கில் இருந்த தெலுங்குப் பெண்ணோடு, ஆளுக்கு ஒரு பாசையில், கை பிடித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். என்ன கதைத்தாய் என்றால், மருமகள் சரியில்லையாம் என்றாள். எப்படி விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் காலை நான் வாங்கில் போய்க் குந்துவதற்கு முன்னமே சுகந்தி ஜன்னலில் தட்டினாள். தட்டைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் மங்கி, செம்மஞ்சளாகத் திரும்பியிருந்தது.

"சாப்பிட்டிருக்கு பாய்," என்றாள் வெளியே வந்து. "ராத்திரி முழுக்கச் சாப்பிட்டிருக்கு."

என் கடையில் எத்தனையோ பேர் சாப்பிட்டுக் கையலம்பிப் போயிருக்கிறார்கள். ஒருவர் சாப்பிட்டார் என்பதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

எப்போதும் இரண்டு தட்டில் வளர்ப்பார்களாம், ஒன்று கண்ணுக்கு, மற்றது சோதனைக்கு. பத்தாம் நாள் சோதனைத் தட்டை வெளி அறைக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து, பாருங்கள் என்றாள். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று தெளிந்தது. நடுவில் கறுப்பாகச் சதைத் துண்டு. அதைச் சுற்றி, ஒன்றோடொன்று தோள் ஒட்டி, இடைவெளி விடாமல் பரவி நிற்கிற சின்னச் சின்னக் கட்டங்கள். ஜும்ஆவுக்கு ஸப் கட்டி நிற்கிற மாதிரி. ஸுப்ஹானல்லாஹ் என்று வாயில் வந்தது. என் நபீஸாவின் உடம்பு, அவளுக்கு வெளியே, அவளுடைய நோன்பின் இரத்தத்தைத் தின்று வளர்ந்து நிற்கிறது. இதை நம்முடைய ஊரில் யாருக்கு நான் எப்படிச் சொல்லுவேன் என்றிருந்தது.

சுகந்தி கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். ஒரு இரவுக்கு அவளுடைய கலவை தாங்கியிருக்கிறது. அதை இரண்டு இரவாக்க வேண்டும், பிறகு பதினான்காக்க வேண்டும். அந்த நாளில் இரத்தமும் தேவையில்லை, கன்றும் தேவையில்லை என்றாள். இன்னொரு வேலையும் செய்தாள். இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் முதல் நாள் இரவிலிருந்து நெய், இறைச்சி, பால் தொடக்கூடாது என்று நாலு பாசையில் எழுதி வாசலில் ஒட்டினாள். தமிழில் நீங்கள் எழுதுங்கள் பாய், உங்களுக்குத்தான் அனுபவம் என்று பேனையை நீட்டினாள். நான் எழுதினேன். கீழே, பாயாவும் கூடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன்.

பதினைந்தாம் நாள் அந்தத் தோலை வலது கண்ணில் வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் விரலை நீட்டினார். நபீஸா மூன்று என்றாள். சரி. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

"தாடி நரைச்சிட்டே மச்சான். ஒரு வார்த்த செல்லல்லையே."

நாளுக்கு நாள் மூட்டம் குறைந்தது. புறப்படும்போது விரல் பருமனுள்ள எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். சின்ன எழுத்து வராது, அது வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுகந்தி ரயிலடி வரை வரவில்லை. அன்றைக்கு வேறொருவருடைய தட்டுக்குச் சாப்பாடு மாற்றுகிற நாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கையுறையோடு நின்றபடி தலையை ஆட்டினாள். நபீஸா கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து அவளை வெகு நேரம் பார்த்தாள். மெலிந்த பிள்ளை, நீங்கள் சொல்லவே இல்லை என்றாள் என்னிடம்.

கொழும்பில் ஏறிய பஸ் விடிந்த பிறகு அக்கரைப்பற்றைத் தாண்டியது. சாவடிகளில் மண் மூட்டைகள் அப்படியே இருந்தன. நிறுத்தினார்கள், ஆனால் இறக்கவில்லை. நபீஸாவை ஜன்னல் பக்கம் வைத்திருந்தேன். பலகை பலகையாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். நிந்தவூர். வங்கி. மருந்துக் கடை. காரைதீவு. மெதுவா வாசி புள்ள, பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றேன். பார்க்கட்டும் என்றாள். சாய்ந்தமருதுக்குள் ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கைகளின் வாய்க்குள்ளால் வரிசை வரிசையாகப் புது வீடுகள், ஓட்டுக் கூரை, கொடியில் காய்கிற உடுப்பு, தண்ணீர்த் தாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வெள்ளை உடுப்புப் பிள்ளைகள். அவள் அந்தக் கரையைக் கடைசியாகக் கண்டது, கடல் வந்து ஒரு மாதமும் ஆகாத அந்த நாளில். கல்லும் சேறும், குப்புறக் கிடந்த வள்ளமும்.

"எல்லாம் கட்டிட்டாங்க," என்றாள்.

"நான் சென்னன்தானே புள்ள. வீடு கட்டுறாங்க, பள்ளி கட்டுறாங்க எண்டு எத்தின தரம் சென்னன்."

"சென்னீங்க. நான் நம்பல்ல மச்சான். கண் தெரியாதவள் எண்டு ஆறுதலுக்குச் செல்றீங்க எண்டு நெனச்ச. நாலரை வருசமா எனக்கு அந்தக் கல்லுக் குவியல்தான் ஊரு."

அவள் இருட்டில் இருந்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கல்முனையில் இறங்கியதும் வீட்டுக்குப் போக முச்சக்கர வண்டி கூப்பிட்டேன். வேண்டாம், நடப்போம் என்றாள். என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று, இது ஆருடைய வீடு என்று கேட்டாள். ஆளின் பெயரைச் சொன்னால், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றால் நம்பாமல், படலையைத் தட்டி, ஆளை வெளியே கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். பத்து நிமிட நடை. நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியான ளுஹர் பாங்கு சொல்லிவிட்டது.